எஸ்.யூ.வி.யை வீட்டிலேயே ஜாக்கி போடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

எங்கள் வீட்டு போர்டிகோ தரை பார்க்கச் சமமாகத்தான் இருக்கும். மழைத் தண்ணீர் தேங்கக் கூடாதென்று மேஸ்திரி கேட் பக்கமாக லேசாக வாட்டம் விட்டிருக்கிறார் என்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கார்ப்பியோவின் பின் சக்கரத்தைக் கழற்ற ஜாக்கி போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வண்டியை முதல் கியரில் போட்டிருந்தேன். கியரே பிடித்துக்கொள்ளும் என்று ஹேண்ட்பிரேக்கை இழுக்கவில்லை. சக்கரம் தரையை விட்டு எழும்பியதுதான் தாமதம், வண்டி கேட்டை நோக்கி நான்கு விரற்கடை நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து, சக்கரம் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. நல்லவேளை, சக்கரம் இன்னும் வண்டியில்தான் இருந்தது. என் கையும் வெளியில்தான் இருந்தது.

அன்றைக்குப் புரிந்த விஷயம் இது: ஜாக்கியில் நிற்கும் வண்டி எடுத்த எடுப்பில் விழுவதில்லை. முதலில் நகர்கிறது, அப்புறம்தான் விழுகிறது. நாமோ ஜாக்கி வாங்கும்போது எத்தனை டன் என்று மட்டும் கேட்கிறோம். ஃபார்ச்சூனர் போன்ற வண்டி சுமார் 2,100 கிலோ. ஒரு மூலையை மட்டும் தூக்கினால் ஜாக்கி மேல் வருவது அதில் கால்வாசி, டீசல் இன்ஜின் இருக்கும் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதல். 2 டன் ஜாக்கிக்கு இது பெரிய பாரமே இல்லை. ஆபத்து வருவது வண்டி நகர்வதால்.

கியரில் போட்டும் ஏன் நகர்ந்தது? ஸ்கார்ப்பியோ, பொலிரோ, டூ வீல் டிரைவ் ஃபார்ச்சூனர் எல்லாமே பின் சக்கரத்தில் இழுவை உள்ள வண்டிகள். கியர், அல்லது ஆட்டோமேட்டிக்கில் பி (பார்க்), பிடித்து நிறுத்துவது கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் சுழல் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான். அதற்கும் சக்கரங்களுக்கும் நடுவில், இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும், ஒரு சக்கரம் முன்னால் சுற்ற மற்றது பின்னால் சுற்றலாம். இரண்டும் தரையில் இருக்கும்வரை அதற்கு வழியில்லை. ஒன்றைத் தூக்கிவிட்டால், அது காற்றில் சும்மா சுற்றும், தரையில் இருப்பது உருளும். எனக்கு நடந்தது அதேதான்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்திருந்தால் நின்றிருக்கும், ஆனால் அதையும் முழுசாக நம்ப முடியாது. பெரும்பாலான வண்டிகளில் அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கம் இரண்டையும் தூக்கிவிட்டால், தரையில் இருக்கும் முன் சக்கரங்களைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஆகவே கட்டை போட வேண்டும். மலைப்பாதையில் லாரி நின்றதும் கிளீனர் கையில் கட்டையோடு குதிப்பாரே, அதே கட்டைதான். தூக்கும் மூலைக்கு எதிர் மூலைச் சக்கரத்தின் முன்னும் பின்னும் இறுக்கமாகச் செருகுங்கள். முடிந்தால் தரையில் நிற்கும் எல்லாச் சக்கரங்களுக்கும். செங்கல் வேண்டாம், டயர் ஏறினால் நொறுங்கிவிடும். உருண்டைக் கல்லும் வேண்டாம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். தரையின் வாட்டத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மே மாத வெயிலில் தார்ச் சாலை இளகி, வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் ஸ்டாண்டின் கால் உள்ளே இறங்கும். மண் தரை என்றால் அடியில் தடித்த பலகை வேண்டும். வாசலில் பதித்த பேவர் பிளாக்கில் வேறொரு சிக்கல். டிராலி ஜாக்கியின் கை மேலே எழும்பும்போது நேராக எழும்பாது, வில் போல வளைந்து எழும்பும். அதற்கு ஈடுகொடுக்க ஜாக்கி தன் சின்னச் சக்கரங்களில் உருண்டு வண்டிக்குக் கீழே சற்று நகர வேண்டும். அந்தச் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவில் உள்ள இடுக்கில் மாட்டிக்கொண்டால் ஜாக்கி நகராது, பதிலுக்கு வண்டி இழுபடும், அல்லது ஜாக்கியின் தலை வழுக்கும். கைப்பிடியை நாலைந்து முறை அடித்ததும் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, தலை பிடித்த இடத்திலேயே இருக்கிறதா, ஜாக்கி உருள்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது உயரம். காருக்கு என்று பெட்டியோடு விற்கும் சின்ன 2 டன் டிராலி ஜாக்கி பொதுவாக 35 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். உயரமான எஸ்.யூ.வி.யில் அது சேஸிஸைத் தொட்டதுமே பாதி மூச்சு போய்விடும். இன்னும் தூக்க வேண்டுமே என்று ஜாக்கிக்கு மேல் ஒரு கட்டை, அதற்கு மேல் இன்னொரு கட்டை என்று அடுக்க ஆரம்பிப்பார்கள். சமையலறை டப்பாக்களை அடுக்குகிற மாதிரி. எங்கே அடுக்கு சேர்கிறதோ அங்கே வழுக்க ஓர் இடம் சேர்கிறது. 3 டன் ஜாக்கி வாங்கச் சொல்வதற்குப் பெரிய காரணம் எடை இல்லை. அது அதிக உயரம் போகும், அடிப்பாகமும் அகலம்.

ஏணி போன்ற தனிச் சேஸிஸ் உள்ள லேடர் ஃபிரேம் வண்டிகளில் சேஸிஸைத் தூக்கினால் ஸ்பிரிங் நீண்டுகொண்டே போகும், சக்கரம் லேசில் தரையை விடாது. பின் சக்கரம் என்றால் இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஆக்ஸில் குழாய்க்குக் கீழே, ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஜாக்கி வைத்தால் குறைந்த உயரத்திலேயே வேலை முடியும். குழாய் மேல் ஓடும் பிரேக் பைப் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு எந்த இடம் என்று மேனுவலில் படம் போட்டிருக்கும், அதுதான் கடைசி வார்த்தை. ஃபுட்போர்டுக்கு அடியில் வைத்து அதை வளைத்தவர்கள் நிறைய. எக்ஸ்.யூ.வி. 700, கிரெட்டா மாதிரி தனிச் சேஸிஸ் இல்லாத வண்டிகளில் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில் குறித்திருக்கும் இடம் மட்டுமே. எலெக்ட்ரிக் வண்டி என்றால் நடுவில் இருப்பது பேட்டரி, அங்கே ஜாக்கி பட்டாலே செலவு.

எல்லாம் சரியாகச் செய்தும் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதுதான் உயிருக்கு உலை வைக்கும் தவறு. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது சில ரப்பர் வளையங்கள். அவை தேய்ந்தால் சொல்லிக்கொண்டு போகாது. தூக்கிய உடனே முட்டுக் கொடுக்க வேண்டும், அதற்கென்றே உள்ள ஜாக்கி ஸ்டாண்டால். ஹாலோ பிளாக்கை வைக்கவே வைக்காதீர்கள். சுவரில் பரவலாகப் பாரம் தாங்கும் கல், ஒரே புள்ளியில் இரும்பு அழுத்தினால் விரிசல்கூடக் காட்டாமல் தூளாகும்.

ஸ்டாண்டையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். 2020இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் நிறுவனம் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் 17 லட்சத்துக்கு மேல் திரும்பப் பெற்றது. உயரத்தைப் பிடித்து நிறுத்தும் பல்லில் கொக்கி முழுசாக உட்காராமல், ஆட்டம் கண்டால் ஸ்டாண்டு இறங்கிவிடக்கூடும் என்பதுதான் குறை. மாற்றாகக் கொடுத்தவற்றில் சிலவற்றின் வெல்டிங் சரியில்லை என்று அதே ஆண்டில் அவற்றையும் திரும்பப் பெற்றார்கள். குறுக்கே கம்பி செருகும் ஸ்டாண்டுதான் என் ஓட்டு. பல் வைத்த மாதிரியில் கொக்கி உட்கார்ந்ததா என்று கையால் அழுத்திப் பார்க்கலாம். வண்டியை ஸ்டாண்டில் இறக்கியபின் இடுப்பால் முட்டித் தள்ளிப் பாருங்கள். ஆடினால் அடியில் போகும் முன்பே ஆடட்டும். கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ சேஸிஸுக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், காசு செலவில்லாத இன்னொரு முட்டு.

அடியில் படுத்துக்கொண்டு இறுகிப்போன போல்ட்டை நீளக் குழாய் மாட்டி எம்பி இழுப்பதும் வண்டியை நகர்த்தும் வேலைதான். வீல் நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். “அப்பா, சார்ஜர் எடுக்கணும்” என்று ஒரு பையன் வந்து கதவைத் திறந்து ஏறி உட்காருவான், அவனுக்கு என்ன தெரியும்?

இதையெல்லாம் படித்துவிட்டு ஆயில் மாற்றத்தான் தூக்கப் போகிறேன் என்பவர்களுக்கு ஒரு கேள்வி: எதற்குத் தூக்க வேண்டும்? பெரிய எஸ்.யூ.வி.க்கும் தரைக்கும் நடுவில் 20 சென்டிமீட்டர் இடைவெளி தாராளமாக இருக்கும். பாயை விரித்துப் படுத்தால் பல வண்டிகளில் ஆயில் போல்ட் கைக்கு எட்டிவிடும். வண்டி சமமாக நின்றால்தான் பழைய ஆயிலும் ஒழுங்காக வடியும். நான் ஜாக்கியை வெளியே எடுப்பது இப்போதெல்லாம் சக்கரமோ பிரேக்கோ கழற்றும்போது மட்டும்தான்.

இறக்கும்போது ஜாக்கியின் வால்வை மெல்லத் திருகுங்கள், படக்கென்று திறந்தால் வண்டி ஒரே மூச்சில் இறங்கும். நட்டுகளைக் கடைசியாக இறுக்குவது சக்கரம் தரையில் நின்றபின், எதிரெதிராக. ஒரு 50 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனரை எடுத்து மறுபடி ஒருமுறை பாருங்கள். அலாய் வீல் என்றால் கட்டாயம், ஏதாவது ஒரு நட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கலாம்.