வெட்சி வெளுத்தால் யூரியாவைத் தொடாதீர்கள்

புதிதாக வெட்சி (இட்லிப்பூ) வளர்ப்பவர்களின் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அதே காட்சிதான்: வெளிறிய செடி, அதன் அடியில் தூவிய யூரியா. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. நானும் அப்படித்தான் செடிகளைப் பறிகொடுத்தேன். தண்ணீர் விட மறப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்த தவறுகளைச் சொல்லப்போவதில்லை. தெரியாமல் செய்யும் நான்கை மட்டும் சொல்கிறேன்.

மதிலை ஒட்டி நடுவது

தென்னிந்தியாவும் இலங்கையும் வெட்சியின் தாயகம். சங்க காலத்தில் பகைவரின் நிரை (மாட்டு மந்தை) கவரப் போன வீரர்கள் சூடிய பூ. நம் மண்ணின் செடிதானே, எங்கே வைத்தாலும் வரும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அது அமிலத்தன்மையுள்ள மண்ணைத் தேடும் செடி. கார அமில நிலை (pH) 5 முதல் 6 வரை இருந்தால் மகிழ்ந்து வளரும்.

புது வீட்டு மதிலோரம் ஆறு செடிகள் வைத்தேன். முதல் வருடம் கொத்துக் கொத்தாகப் பூத்தன. அடுத்த வருடம் கொழுந்துகள் எலுமிச்சை நிறத்துக்கு மாறின. நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நின்றன. சத்துப் போதவில்லை என்று யூரியா போட்டேன். இலை விளிம்பு கருகியது. மறுபடியும் போட்டேன். நான்கு செடிகள் பட்டுப்போயின.

பிடுங்கிப் பார்த்தால், வேர்களுக்கிடையே சிமெண்டுப் பூச்சின் உதிரித் துண்டுகள். அந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டேன். நுரைத்துப் பொங்கியது. அவ்வளவும் சுண்ணாம்பு!

சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. பழைய இலையில் உள்ள இரும்பு கொழுந்துக்கு நகர்வதும் இல்லை. அதனால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். யூரியா தரும் தழைச்சத்துக் குறைந்தாலோ அடியிலைகள் முதலில் பழுக்கும். யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள், அது போதும்.

மதிலிலிருந்து மூன்றடியாவது தள்ளி நடுங்கள். கட்டட இடிபாட்டை அள்ளிவிட்டு, செம்மண்ணும் மக்கிய இலையுரமும் இட்டுக் குழியை நிரப்புங்கள். ஏற்கெனவே வெளுத்த செடிக்கு அன்னபேதியை (இரும்புச்சத்து தரும் உப்பு) மண்ணில் கொட்டினால் சுண்ணாம்பு அதையும் கட்டிப்போட்டுவிடும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மாலையில் இலைமீது தெளியுங்கள். பிழைத்த என் இரண்டு செடிகளும் அப்படித்தான் தேறின.

உப்புத் தண்ணீர்

சுண்ணாம்பு கலந்த கடின நீரும் மெல்ல மெல்ல இதே வேலையைச் செய்யும். மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

முழு நிழல்

இலை இருக்கும். பூ இருக்காது.

ஓயாமல் கத்தரிப்பது

பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். ஒரு சுற்றுப் பூ ஓய்ந்ததும் வெட்டுங்கள். அடுத்த மொட்டு தலைகாட்டிய பிறகு கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிடுங்கள்.