ஜெர்மனியில் படிக்கப் போகிறவர்களுக்கு: ப்ரீபெய்ட் சிம் வாங்குவது எப்படி?

சிம் தேடும் வேலை ஊரிலேயே தொடங்கிவிடுகிறது. கிளம்புமுன் உங்கள் ஊர் எண்ணில் சர்வதேச ரோமிங்கை இயக்கிவிடுங்கள். வங்கி ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். அந்த எண்ணுக்கு யார் கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள், காசு போகும்.

படி 1: ஒப்பந்தத் திட்டம் வேண்டாம். 24 மாத ஒப்பந்தத்துக்கு ஷூஃபா என்ற நிறுவனம் வைத்திருக்கும் உங்கள் கடன் வரலாற்றைப் பார்ப்பார்கள். புதிதாக வந்தவருக்கு அது ஏது?

படி 2: நெட்வொர்க். டெலிகாம், வோடபோன், ஓ-டூ மூன்றும் பெரியவை. சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும் மலிவு சிம்களும் இவற்றின் மேல்தான் ஓடுகின்றன: ஆல்டி டாக் ஓ-டூவில், லிடில் கனெக்ட் வோடபோனில். காங்ஸ்டார் டெலிகாமின் சொந்த மலிவு பிராண்ட். பெரிய நகரம் என்றால் நான் ஆல்டி டாக்தான் சொல்வேன். கல்லூரி சின்ன ஊரில் என்றால் காங்ஸ்டார். விமான நிலையக் கடையில் வாங்கவே வாங்காதீர்கள். ஹாஸ்டல் சீனியரிடம் "ரூமுக்குள்ள எது எடுக்குது?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது எல்லாவற்றையும் விட நல்லது.

படி 3: அடையாளச் சரிபார்ப்பு. நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2017 ஜூலை முதல் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்காமல் ப்ரீபெய்ட் சிம் இயங்காது. சிம் கையில் இருக்கும், ஆனால் உயிர் இருக்காது.

படிவத்தில் ஃபோர்நாமே (முதல் பெயர்), நாஹ்நாமே (குடும்பப் பெயர்) என்று இரண்டு கட்டம். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. நமக்கோ பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. நம் பெயர், அப்பா பெயர் இரண்டும் கிவன் நேமில் ஒட்டிக்கொண்டிருக்கும். இஷ்டத்துக்குப் பிரித்து எழுதினால் சரிபார்ப்பில் "பொருந்தவில்லை" என்று திரும்பும். விசா ஸ்டிக்கரில் எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்த்து அப்படியே எழுதுங்கள். இனிஷியலாகச் சுருக்காதீர்கள். பல்கலைக்கழகம், வங்கி என எல்லா இடத்திலும் அதே எழுத்துகள் இருக்கட்டும்.

சரிபார்ப்பை வீடியோ அழைப்பிலும் முடிக்கலாம். பாஸ்போர்ட்டைக் கேமரா முன் சாய்த்துச் சாய்த்துக் காட்டச் சொல்வார்கள். வைஃபை தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து. பெயர்ச் சிக்கல் உள்ளவர்கள் போஸ்ட்இடென்ட்டை (தபால் நிறுவனம் வழியாக அடையாளம் சரிபார்க்கும் முறை) தேர்ந்தெடுத்து, அதற்கான கூப்பனையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு தபால் கிளைக்குப் போய்விடுங்கள். அது பெரும்பாலும் ஏதாவது பேப்பர், பேனா விற்கும் கடையின் ஒரு மூலையில் இருக்கும். எதிரே ஒரு மனிதர் இருந்தால் விளக்கிச் சொல்லவாவது முடியும்.

சிம்மைத் தபாலில் வரவழைத்தால் முதலில் அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் போடமாட்டார்கள், உறை திரும்பிப் போய்விடும்.

படி 4: திட்டம். விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "4 வாரம்" என்று இருக்கும். 28 நாள் கணக்கு, ஆக வருடத்துக்கு 13 முறை கட்டுகிறீர்கள். புதுப்பிக்கும் நாளில் இருப்பு குறைந்தால் திட்டம் நின்றுவிடும். அப்புறம் நெட்டே வராது, அல்லது தனிக் கட்டணத்தில் காசைத் தின்னும். சூப்பர் மார்க்கெட் கல்லாவிலேயே ரீசார்ஜ் கிடைக்கும். ரசீதில் வரும் எண்ணைப் போனில் போட்டால் போதும்.

பின்சேர்க்கை: பலர் கேட்டுவிட்டதால் இரண்டு விஷயம். வாட்ஸப் ஊர் எண்ணிலேயே இருக்கலாம், மாற்ற வேண்டியதில்லை. பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போனாலும் இதே திட்டம் ஓடும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை; உங்கள் திட்டத்தில் அது சேர்த்தியா என்று பார்க்காமல், அங்குள்ள பாசல் நகரத்துக்குப் போகும் ரயிலில் டேட்டாவைத் திறந்து வைக்காதீர்கள்.