காப்பகத்திலேயே தங்கிவிட்ட பூனைக்கு வீடு தேடித் தருவது எப்படி?

பூனை தத்தெடுக்கக் காப்பகத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாசலிலேயே கேட்பது, "குட்டி இருக்கா?" என்றுதான். நம் ஊரில் குட்டிகளுக்குப் பஞ்சமே கிடையாது. பகல் நேரம் பெரிதாகக் கூடிக் குறையாத நம் பக்கத்தில் பூனைகள் ஏறக்குறைய ஆண்டு முழுக்க ஈனும், சினைக்காலமும் ஒன்பது வாரம்தான். ஆக, இரண்டு வயது தாண்டிய பூனை, கருப்புப் பூனை, ஒற்றைக்கண் பூனை, ஆளைக் கண்டால் மூலையில் ஒடுங்கும் பூனை எல்லாம் வரிசையில் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். வருடங்கள் ஓடிவிடும். அப்புறம் காப்பகத்து ஆட்களே "இதை யாரும் எடுக்க மாட்டாங்க" என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

சென்னையில் தன்னார்வலராக இந்த வேலையைச் செய்துவருகிற எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அந்தப் பூனையைக் கூண்டுக்கு வெளியே, ஒரு வீட்டுக்குள் வைத்து யாரும் பார்த்ததில்லை. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 1959 முதல் இயங்கிவரும் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் ஆனாலும் சரி, யாரோ ஒருவர் சொந்த மாடியில் நடத்தும் சின்னக் காப்பகம் ஆனாலும் சரி, அடிபட்டு வரும் உயிர்களைப் பார்க்கவே அங்கே நேரம் போதாது. ஒரு பூனைக்காக உட்கார்ந்து வீடு தேட வெளியாள் ஒருவர் வேண்டும். அது நீங்களாக இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பூனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பூனையைப் பற்றித் துப்பு சேகரியுங்கள்

காப்பகத்துப் பதிவேட்டில் வந்த தேதியும் ஊசி விவரமும் இருக்கும். அதைவிட அதிகம் தெரிந்தவர் தினமும் கூண்டு கழுவுகிற அக்கா. அவரிடம் பேசுங்கள். "இது யார் வந்தா முன்னாடி வரும்? நாய் குரைச்சா என்ன பண்ணும்? பக்கத்துக் கூண்டுப் பூனையோட சண்டை போடுமா? தட்டுல எதை மிச்சம் வைக்கும்?" பத்து நிமிடப் பேச்சில் பதிவேட்டில் இல்லாத ஒரு பூனை கிடைக்கும். ஏற்கெனவே யாராவது எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்தார்களா என்பதையும், ஏன் என்பதையும் கட்டாயம் கேளுங்கள்.

பிறகு கூண்டின் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். தொட வேண்டாம், கூப்பிட வேண்டாம். பூனை உங்களைப் பார்க்கும்போது மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அப்படிச் செய்தவர்களைப் பார்த்துப் பூனைகளும் கண்ணைச் சுருக்கின, அவர்கள் நீட்டிய கையருகே வரவும் அதிகம் துணிந்தன.

கூண்டுக்குள் ஒரு அட்டைப்பெட்டி வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். பூனை ஒளிந்துகொண்டால் யார் கண்ணிலும் படாதே என்று சிலர் தயங்குவார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளிய பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. பதற்றம் தணிந்த பூனை தானாகவே வெளியே எட்டிப் பார்க்கும்.

படி 2: மருத்துவக் கணக்கை முடியுங்கள்

எடுக்க வருகிறவர் மனதில் ஓடும் முதல் பயம் செலவு. அதனால் இதை முன்னாலேயே தீர்த்துவிட வேண்டும். கருத்தடை ஆகிவிட்டதா? காதின் நுனி வெட்டப்பட்டிருந்தால் பெரும்பாலும் ஆகிவிட்டது என்று அர்த்தம், ஆனாலும் பதிவேட்டில் சரிபாருங்கள். ஆகாத பூனையை, குறிப்பாகப் பெண் பூனையை, எந்த நல்ல வீட்டுக்கும் அனுப்பாதீர்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், பூனைகளுக்கான முத்தடுப்பூசியும் போட்ட தேதிகளை ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), எஃப்இஎல்வி (பூனைக்கு ரத்தப் புற்றுநோய் வரவழைக்கக்கூடிய வைரஸ்) இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. எஃப்ஐவி இருக்கிறது என்று வந்தால் கதை முடிந்துவிடாது. அது மனிதருக்குத் தொற்றாது. பூனைகளுக்குள்ளும் முக்கியமாக ஆழமான கடி வழியாகத்தான் பரவும். வேறு பூனை இல்லாத வீட்டில் அப்படிப்பட்ட பூனை பல வருடம் நன்றாக வாழும். எஃப்இஎல்வி கொஞ்சம் கடுமையானது, மருத்துவரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

வாயையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். 'முசுடு' என்று பெயர் வாங்கிய பூனை பல நேரம் ஈறு வீங்கி வலியில் இருக்கும்.

படி 3: கூண்டை விட்டு வெளியே கொண்டுவாருங்கள்

இந்தப் படிதான் உயிர்நாடி. உங்கள் வீடோ நண்பர் வீடோ, ஒரே ஒரு அறை போதும். ஒரு மூலையில் மலசலம் கழிக்க மணல் தட்டு, அதற்கு எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், நடுவில் எங்காவது ஒளிய ஒரு பெட்டி. கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடைவெளிகளை மட்டும் பழைய தலையணை வைத்து அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் பூனை அங்கேயே குடியேறிவிடும்.

மிளகு என்று ஒரு கருப்புப் பூனை. காப்பகத்தில் எப்போது போனாலும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும், முதுகை மட்டும்தான் எல்லோரும் பார்த்திருந்தோம். மடிப்பாக்கத்தில் ஒரு தோழியின் வீட்டுச் சின்ன அறைக்கு அதை மாற்றினோம். முதலில் பெட்டியை விட்டு அசையவில்லை. ஒரு நாள் ராத்திரி நெத்திலி வேகும் வாசனைக்கு வெளியே வந்தது. தட்டை முகர்ந்தது. சாப்பிடாமல் நேராக ஜன்னல் திண்டில் ஏறி, வெளியே போன ஆட்டோவைத் தலை திருப்பித் திருப்பிப் பார்த்தது. அப்புறம் இறங்கி வந்து சாப்பிட்டது. இந்தப் பூனைக்கு ஜன்னல் இருக்கிற வீடு வேண்டும், சத்தம் பெரிய பிரச்சினை இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. காப்பகத்தில் எத்தனை வருடம் பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. முதல் நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். இரண்டாம் நாளும் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

படி 4: படமும் வீடியோவும்

கூண்டுக் கம்பி தெரியும் படம் வேண்டவே வேண்டாம். தரையில் படுத்து, பூனையின் கண் மட்டத்தில் செல்போனை வையுங்கள். காலை வெளிச்சம் ஜன்னல் வழியாக வரும்போது எடுங்கள், ஃப்ளாஷ் கூடாது. கருப்புப் பூனையை இருண்ட சோபாவில் வைத்து எடுத்தால் இரண்டு மஞ்சள் புள்ளிகள்தான் தெரியும். வெளிர் நிறப் போர்வையை விரித்து, வெளிச்சம் முகத்தில் பக்கவாட்டாக விழும்படி பாருங்கள். ஊனம் இருந்தால் மறைக்காதீர்கள், அதுவும் தெரிகிற படம் ஒன்று இருக்கட்டும். பதினைந்து விநாடி வீடியோ ஒன்று, விளையாடுவதோ சுகத்தில் குர்குர் என்பதோ மடியில் ஏறுவதோ எது முடிகிறதோ அது. பின்னணிப் பாட்டு போடாமல் அதன் சொந்தக் குரல் கேட்கும்படி விடுங்கள்.

படி 5: விளம்பரத்தை எழுதுங்கள்

"ஐயோ பாவம், யாரும் இல்லாத ஜீவன்" என்று எழுதினால் ஆயிரம் அழுகை எமோஜி வரும், ஒரு போன் வராது. பரிதாபத்தில் எடுக்கிறவர்கள் பரிதாபம் தீர்ந்ததும் திருப்பிவிடுகிற ஆபத்தும் உண்டு. பூனையோடு வாழ்ந்தால் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். மிளகுக்கு எழுதியது இப்படி:

"மிளகு. பெண். ஏறக்குறைய நான்கு வயது. கருத்தடை, தடுப்பூசி எல்லாம் முடிந்தது. காலையில் உங்களுக்கு முன்னால் எழுந்து ஜன்னலில் உட்கார்ந்துவிடும். பால்காரர் முதல் ஸ்கூல் வேன் வரை எல்லோரையும் மேற்பார்வை பார்க்கும். தூக்கினால் பிடிக்காது, ஆனால் நீங்கள் டிவி பார்க்கும்போது ஒரு கை தூரத்தில் வந்து படுக்கும். மணல் தட்டை ஒழுங்காகப் பயன்படுத்தும். நாய் ஆகாது. சின்னக் குழந்தைகள் இல்லாத, நிதானமான வீடு தேவை. முதல் சில வாரம் ஒளிந்துகொண்டே இருக்கும், பொறுமை வேண்டும்."

குறையைச் சொன்னால் ஆள் வரமாட்டார்கள் என்று நினைப்பீர்கள். வர வேண்டாதவர்கள்தான் வரமாட்டார்கள். 'நாய் ஆகாது' என்ற இரண்டு சொல் உங்களுக்கு எத்தனையோ வீண் போன்களை மிச்சப்படுத்தும்.

படி 6: எங்கே பரப்புவது

உங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழு, அலுவலகக் குழு, பூனைப் பிரியர்களின் ஃபேஸ்புக் பக்கங்கள், கால்நடை மருத்துவரின் வரவேற்பறைச் சுவர், பூனைத் தீவனம் விற்கும் கடை. இவை போதும். அதே பதிவைத் தினமும் போடாமல், புதுப் படத்தோடும் ஒரு வரிச் செய்தியோடும் அவ்வப்போது போடுங்கள்.

தத்தெடுப்பு முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. கூச்சமில்லாத பூனைக்கு முகாம் நல்லது. ஆளுக்கு அஞ்சும் பூனையைக் கூட்டத்துக்கும் மைக் சத்தத்துக்கும் நடுவே உட்கார வைப்பது கொடுமை. அதற்குப் பதில் அதன் படத்தைப் பெரிதாக அச்சடித்து வைத்து, வீடியோவை போனில் காட்டுங்கள்.

கருப்புப் பூனை என்றால் சகுனப் பேச்சு வரும். வாதம் செய்து யாரையும் மாற்றப் பார்க்காதீர்கள். மனதுக்குள் நெருடலோடு எடுத்துப் போகும் வீட்டில், பால் பொங்கி வழிந்தாலும் பழி பூனை மேல்தான் விழும்.

படி 7: கேட்க வேண்டிய கேள்விகள்

போன் வந்ததும் சந்தோஷத்தில் சரி சொல்லிவிடாதீர்கள். விசாரணை மாதிரி இல்லாமல் பேச்சுவாக்கில் கேட்கலாம். நான் வழக்கமாக ஆரம்பிப்பது: "வாடகை வீடா, சொந்த வீடா? ஹவுஸ் ஓனருக்குத் தெரியுமா?" தெரியாது என்றால் அவரிடம் பேசிவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். பூனை திரும்பி வருவதற்கு வீட்டு ஓனர் ஒரு பெரிய காரணம்.

அடுத்தது, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா. மகள் ஆசைப்பட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் பேசுவது அடிக்கடி நடக்கும். "அம்மாகிட்ட கொஞ்சம் போனைக் குடும்மா" என்று கேட்டாலே பாதி விஷயம் தெளிவாகிவிடும். சைவ வீடு என்றால் வெளிப்படையாகப் பேசுங்கள்: பூனை இறைச்சி உண்ணும் பிராணி, தயிர் சாதத்தில் வாழாது. மீன் சமைக்க வேண்டாம், பாக்கெட் தீவனம் வைக்கலாமே என்று ஒப்புக்கொண்டால் தாராளமாகக் கொடுக்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், வேறு பூனை நாய் உண்டா, யாருக்காவது பூனை முடி அலர்ஜியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

"கருத்தடை செய்யாத பூனை இருக்கா?" என்று கேட்கிறவருக்கு நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

படி 8: வீட்டைப் பாருங்கள்

நேரிலோ வீடியோ காலிலோ. முதலில் பால்கனி. சென்னை அடுக்குமாடிகளில் புறாவுக்காகக் கட்டும் நைலான் வலை பூனைக்குப் போதாது. பல்லால் அறுத்து ஓட்டை போட்டுவிடும், ஓரக் கொக்கி கழன்றாலும் தெரியாது. ஜன்னல் கிரில்லின் இடைவெளி வழியாகப் பூனை சுலபமாக நழுவும். கம்பி வலை அடிப்பதுதான் வழி, அது முடிந்த பிறகே பூனை.

வீட்டாரிடம் மூன்று விஷயம் அழுத்திச் சொல்லுங்கள்: மனிதருக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். நாய்க்கான உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் விஷம். பூங்கொத்தில் லில்லிப் பூ இருந்தால் அதன் மகரந்தம் பட்டாலே சிறுநீரகம் போய்விடும்.

படி 9: ஒப்படைப்பு

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் யாருக்கும் பூனை கொடுக்காதீர்கள். புது இடம், கூடவே வெடிச்சத்தம் என்றால் கதவு திறந்த நொடியில் ஓடிவிடும். கோடை விடுமுறையில் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காகக் கேட்கிறவர்களிடம், ஜூனில் பள்ளி திறந்ததும் வாருங்கள் என்று சொல்லிப் பார்ப்பது என் வழக்கம்.

பூட்டு சரியாக இருக்கும் கூடையில்தான் கொண்டுபோக வேண்டும், ஆட்டோவில் மடியில் வைத்து அல்ல. அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். இதுவரை சாப்பிட்ட அதே தீவனம், அதே மணல் ஒரு வாரத்துக்காவது தொடரட்டும். அங்கேயும் முதலில் ஒரே அறைதான். ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டு வாரம் கதவு சாத்தியே இருக்கட்டும். இதன் துணியை அதனிடமும், அதன் துணியை இதனிடமும் மாற்றி வைத்து வாசனை பழகிய பிறகு கதவை விரல் அளவு திறக்கலாம்.

படி 10: ஒப்படைத்த பிறகு

மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதத்தில் சொந்த வீடு என்று காப்பகக்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். நெடுநாள் கூண்டில் இருந்த பூனைக்கு இது இன்னும் நீளலாம். முதல் வாரம் தினமும் ஒரு மெசேஜ் போடுங்கள்: சாப்பிட்டதா, சிறுநீர் போனதா. குறிப்பாக ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றே மருத்துவமனை, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

எந்தக் காரணத்துக்காக ஒத்துவராவிட்டாலும் பூனை உங்களிடமோ காப்பகத்திடமோதான் திரும்பி வர வேண்டும், தெருவிலோ வேறு யாரிடமோ விடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்படித் திரும்பி வந்தால் அந்த வீட்டாரைத் திட்டாமல், அங்கே பூனை என்னென்ன செய்தது என்று உட்கார வைத்துக் கேளுங்கள். ராத்திரி கதவைப் பிறாண்டியது, மாமா வந்தால் மட்டும் சீறியது, மீதி நேரம் மடியிலேயே கிடந்தது என்று அவர்கள் சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டு ஐந்தாம் படிக்குப் போய் விளம்பரத்தைத் திருத்துங்கள்.