சட்டம் என்று எழுதுமுன்: சூழல், உணவு, தனியுரிமை, துருவப் பகுதிகள் பற்றிய ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்டார்டிக் ஒப்பந்தம் 2048இல் காலாவதியாகிறது, அதன்பின் அங்கே சுரங்கம் தோண்டலாம்." ஆய்வுக் கட்டுரைகளிலும் செய்திகளிலும் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்துக்குக் காலாவதித் தேதியே கிடையாது. 2048 என்ற ஆண்டு வேறோர் ஆவணத்திலிருந்து வருகிறது. 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி, 1998 ஜனவரி 14 அன்று அமலுக்கு வந்த, அந்த ஒப்பந்தத்தோடு இணைந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிமுறைதான் அது. அமலுக்கு வந்து 50 ஆண்டுகள் கழிந்தபின், ஆலோசனைத் தகுதி (ஒப்பந்தக் கூட்டங்களில் முடிவெடுக்கும் உரிமை) பெற்ற நாடு எதுவும் மறுஆய்வு மாநாடு கேட்கலாம் என்கிறது அதன் 25ஆம் பிரிவு. யாரும் கேட்காவிட்டால் எதுவும் நடக்காது.

கேட்டாலும் வழி குறுகலானது. மாநாட்டில் ஒரு திருத்தம் நிறைவேற, நெறிமுறையின் உறுப்பு நாடுகளில் பெரும்பான்மை வேண்டும். 1991இல் ஆலோசனைத் தகுதியோடு இருந்த 26 நாடுகளில் நான்கில் மூன்று பங்கும் அதில் அடங்க வேண்டும். அது அமலுக்கு வர அந்த 26 நாடுகளும் ஒன்று விடாமல் ஏற்புறுதி (கட்டுப்படச் சம்மதிக்கும் முறையான ஒப்புதல்) அளிக்க வேண்டும். 7ஆம் பிரிவிலுள்ள கனிமத் தடையை நீக்குவதென்றால், கனிம நடவடிக்கைகளை ஒழுங்குபடுத்த, நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிற ஏற்பாடு ஒன்று ஏற்கெனவே அமலில் இருந்தாக வேண்டும். கவலைப்பட வேண்டிய இடம் வேறு: நிறைவேறிய திருத்தம் மூன்று ஆண்டுகளுக்குள் அமலுக்கு வரவில்லை என்றால், ஒரு நாடு விலகல் அறிவிப்பு தரலாம், இரண்டு ஆண்டில் அது செல்லுபடியாகும். ஆய்வு செய்பவர்கள் எழுத வேண்டியது இந்தக் கதவைப் பற்றித்தான். இல்லாத காலாவதியைப் பற்றி எழுதினால் அது கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இதே பகுதியில் இன்னொரு பிழை: "ஏழு நாடுகளின் நில உரிமைகோரல்களை ஒப்பந்தம் ரத்து செய்தது." 4ஆம் பிரிவு அவற்றை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இருந்த நிலையிலேயே நிறுத்தி வைத்து, ஒப்பந்தம் அமலில் இருக்கும்வரை புதிய கோரிக்கையோ விரிவாக்கமோ கூடாது என்று மட்டும் சொல்கிறது. பிரிட்டன், அர்ஜென்டினா, சிலி மூன்றின் கோரிக்கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடப்பது இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

அண்டார்டிகாவைப் படித்த கையோடு ஆர்க்டிக்குக்கும் அதே சட்டகத்தைப் பொருத்திவிடுகிறவர்கள் உண்டு. தெற்கே இருப்பது கடல் சூழ்ந்த நிலம். வடக்கே இருப்பது நிலம் சூழ்ந்த கடல். அங்கே அடிப்படை கடல் சட்டம்தான். 2008இல் கரையோர நாடுகள் ஐந்தும் இலுலிசாட் பிரகடனத்தில், புதிய விரிவான சட்ட ஏற்பாடு தேவையில்லை என்றே எழுதின. 1996இல் பிறந்த ஆர்க்டிக் கவுன்சில் கலந்துபேசும் மன்றம்; சட்டம் இயற்றும் அமைப்பு அல்ல. தேடல்-மீட்பு (2011), எண்ணெய்க் கசிவு (2013), அறிவியல் ஒத்துழைப்பு (2017) ஆகிய மூன்று ஒப்பந்தங்களும் அங்கே பேசி முடிக்கப்பட்டவை என்றாலும், கவுன்சிலின் உறுப்பு நாடுகள் எட்டும் தமக்குள் செய்துகொண்டவை. "கவுன்சிலின் சட்டங்கள்" என்று எழுதினால் பிழை. 2007இல் வட துருவக் கடலடியில் நட்ட ரஷ்யக் கொடிக்கும் சட்ட விளைவு கிடையாது: கண்டத்திட்டு (கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலப்பகுதி) உரிமை ஆக்கிரமிப்பையோ அறிவிப்பையோ சார்ந்தது அல்ல என்று கடல் சட்ட உடன்படிக்கையின் 77ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

சூழல் சட்டத்தில் அதிகம் குழம்புவது ஆவணத்தின் தரம். தூய்மையான, ஆரோக்கியமான, நீடித்த சூழலுக்கான உரிமையை ஐ.நா. பொதுச்சபை 2022 ஜூலை 28 அன்று 161 வாக்குகளுடன், எதிர்ப்பே இல்லாமல், 8 நாடுகள் வாக்களிக்காமல் விலக, அங்கீகரித்தது. தீர்மானம் 76/300க்கு அரசியல் கனம் உண்டு. ஒப்பந்தத்தைப்போல அது தன்னளவில் யாரையும் கட்டுப்படுத்தாது. அதை வைத்து வாதிடுகிறவர், நாட்டு அரசமைப்புகளையும் வட்டார ஒப்பந்தங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் காலநிலை பற்றி ஒருமனதாகத் தந்த ஆலோசனைக் கருத்தில் பிழை இரு பக்கமும் நேர்கிறது. சிலர் அதைத் தீர்ப்பு என்கிறார்கள். சிலர் "வெறும் ஆலோசனை" என்று ஒதுக்குகிறார்கள். கருத்து கட்டுப்படுத்தாது. ஆனால் அது விளக்கும் ஒப்பந்தங்களும் வழக்காற்றுச் சட்டமும் (நாடுகள் கடமையென்று கருதிப் பின்பற்றும் வழக்கத்தால் உருவான சட்டம்) கட்டுப்படுத்தும். பாரிஸ் ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவை இங்கே வினைச்சொல் வினைச்சொல்லாகப் படியுங்கள். தேசிய இலக்கைத் தயாரிப்பது, அறிவிப்பது, பேணுவது கட்டாயம். அந்த இலக்கை எட்டுவதில் எதிர்பார்க்கப்படுவது உரிய விழிப்புடன் கூடிய முயற்சி. முன்னது விளைவுக் கடமை, பின்னது நடத்தைக் கடமை என்ற இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் வாதம் முழுவதும் சரிந்துவிடும்.

காலநிலை மாற்றத்தைத் தடுக்கப் போதிய நடவடிக்கை இல்லை என்று மூதாட்டிகளின் சங்கம் ஒன்றும் தனிநபர்கள் நால்வரும் சுவிட்சர்லாந்து மீது தொடுத்த வழக்கில் 2024 ஏப்ரல் 9 அன்று வந்த தீர்ப்பையும் பலர் பாதிதான் படிக்கிறார்கள். வென்றது சங்கம். தனிநபர்களாக மனு செய்த நால்வர் "பாதிக்கப்பட்டவர்" என்ற தகுதியைப் பெறவில்லை. தீர்ப்பளித்தது ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அல்ல. சுவிட்சர்லாந்து ஒன்றியத்திலேயே இல்லை.

உணவு உரிமையை "அரசு சோறு போட வேண்டும்" என்று சுருக்குவது பழைய பிழை. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 11ஆம் பிரிவுக்கு 1999இல் வந்த பொதுக்கருத்து 12 (உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு தந்த விளக்கம்), மூன்று கடமைகளை வைக்கிறது. மதித்தல்: இருக்கும் வழியை அரசு பறிக்காதிருத்தல். காத்தல்: பிறர் பறிக்காமல் தடுத்தல். நிறைவேற்றுதல்: வழி அமைத்துத் தருதல், அதுவும் முடியாதவர்களுக்கு நேரடியாக வழங்குதல். குறைந்தபட்சக் கலோரிப் பொட்டலமாக இந்த உரிமையைக் குறுக்கக் கூடாது என்று அதன் 6ஆம் பத்தி எச்சரிக்கிறது. உடன்படிக்கையில் வரும் "படிப்படியாக" என்ற சொல்லைத் தள்ளிப்போடும் அனுமதியாக எடுத்துக்கொள்வதும் தவறு. பாகுபாடு காட்டாதிருப்பது முதல் நாளிலிருந்தே கடமை. எந்த நாட்டைப் பற்றி எழுதினாலும் ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பில் கையொப்பம், ஏற்புறுதி, ஒதுக்கீட்டு அறிவிப்பு (சில பிரிவுகள் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு நாடு தரும் அறிவிப்பு) மூன்றையும் தனித்தனியே பாருங்கள். அமெரிக்கா இந்த உடன்படிக்கையில் 1977இல் கையெழுத்திட்டது; ஏற்புறுதி அளிக்கவில்லை.

தனியுரிமையில் முதல் வழுக்கல், அதையும் தரவுப் பாதுகாப்பையும் ஒன்றாக்குவது. ஐரோப்பிய ஒன்றிய உரிமைச் சாசனம் இரண்டையும் 7, 8 என்று தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருக்கிறது. ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் அமலில் இருக்கிறது. அது காப்பது "ஐரோப்பியக் குடிமக்களை" அல்ல. வெளியிலுள்ள நிறுவனங்களுக்கு அது எப்போது பொருந்தும் என்று சொல்லும் 3ஆம் பிரிவு, ஒன்றியத்துக்குள் இருப்பவர்களைப் பற்றியே பேசுகிறது, குடியுரிமை கேட்பதில்லை. ஒப்புதல் இல்லாமல் தரவைத் தொடக் கூடாது என்பதும் தவறு. 6ஆம் பிரிவு தரும் ஆறு அடிப்படைகளில் ஒப்புதல் ஒன்று.

பெயரை நீக்கிக் குறியீட்டு எண் போட்டுவிட்டால் தரவு சட்டத்துக்கு வெளியே போய்விடும் என்ற நம்பிக்கைதான் நடைமுறையில் மிக ஆபத்தானது. எண்ணையும் பெயரையும் இணைக்கும் திறவுகோல் யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு அது தனிநபர் தரவேதான். அதைப் பெறும் மூன்றாம் தரப்புக்கு? நியாயமாகக் கிடைக்கக்கூடிய வழிகளால் ஆளை அடையாளம் காண அவரால் முடியுமா என்பதைப் பொறுத்து விடை மாறும் என்று 2025 செப்டம்பர் 4 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கூறியது. இதைப் பற்றிய பழைய கட்டுரையை மேற்கோள் காட்டுமுன் அது இந்தத் தேதிக்கு முன்னதா பின்னதா என்று பார்த்துவிடுங்கள்.