வெள்ளைப் புள்ளி மறைந்தாலும் நோய் போகவில்லை: கடல்மீன்களின் நோயைக் கண்டறிந்து மருந்து கொடுப்பது எப்படி?

கடல்மீன் தொட்டி வைத்த முதல் ஆண்டில் ஆசையாக ஒரு பவுடர் ப்ளூ டாங் வாங்கி வந்தேன். மாலத்தீவு, இலங்கைப் பவளப் பாறைகளில் மேயும் மீன் அது. நான்காம் நாள் அதன் உடலில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஏழாம் நாள் ஒன்றுகூட இல்லை. தானாகவே குணமாகிவிட்டது என்று நம்பினேன். அடுத்த வாரம் தொட்டியிலிருந்த ஏழு மீன்களின் மேலும் எண்ண முடியாத அளவுக்குப் புள்ளிகள். ஐந்து மீன்கள் இறந்தன.

அந்த ஐந்து மீன்களையும் காப்பாற்றியிருக்க முடியும் என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. நீங்கள் அந்தத் தவறைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: மருந்துப் புட்டியைத் தொடாமல் பத்து நிமிடம் பாருங்கள்

முதலில் செவுளைப் பாருங்கள். செவுள்மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று கைக்கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். மீனுக்கு மீன் இந்த எண்ணிக்கை மாறும். அதனால் மீன் நலமாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை எண்ணி நோட்டில் குறித்து வைத்துவிடுங்கள். நோய் வந்த நாளில் ஒப்பிட அந்த ஓர் எண் போதும்.

அடுத்து நடத்தை. சாப்பிடுகிறதா? பாறையில் உடலை உரசுகிறதா? வெளிச்சத்துக்கு அஞ்சி ஒளிகிறதா? பம்பிலிருந்து நீர் பாயும் இடத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நகராமல் நிற்கிறதா? இந்தக் கடைசி அறிகுறியை நினைவில் வையுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

படி 2: தண்ணீரைச் சோதியுங்கள்

மீன் மூச்சுத் திணறுவதெல்லாம் நோயால் அல்ல. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். உப்புத்தன்மை ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 அளவில், பி.எச். 8.1 முதல் 8.3 வரை, வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி வரை இருந்தால் நல்லது. அம்மோனியா தெரிந்தால் உடனே தண்ணீர் மாற்றுங்கள், மருந்து வேண்டாம். கோடையில் தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். மின்வெட்டு வந்தால் நிலைமை இன்னும் மோசம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த அறையில் கொசு விரட்டி ஓடியதா? கரப்பான் மருந்து அடித்தார்களா? அவற்றில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை நஞ்சு மீனுக்கு மிகக் கொடியது. ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் செலுத்துகிறது.

படி 3: எந்த நோய் என்று முடிவு செய்யுங்கள்

ரவை தூவியதுபோல, ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய புள்ளிகள் என்றால் அது வெள்ளைப் புள்ளி நோய். கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வருவது. நன்னீர் மீன்களுக்கு வரும் வெள்ளைப் புள்ளி வேறு உயிரி. நன்னீர்த் தொட்டியில் பழகியவர்கள் அங்கே செய்ததுபோல இங்கும் வெப்பத்தை ஏற்றிப் பார்ப்பார்கள், அதனால் பயனில்லை.

திருநீறு பூசியதுபோல மெல்லிய படலமாக இருந்தால் வெல்வெட் நோயைச் சந்தேகியுங்கள். அமிலூடினியம் என்ற உயிரி அதற்குக் காரணம். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்தால் படலம் தெரியும். பல நேரங்களில் தோலில் எதுவும் தெரியாது. செவுளை முதலில் தாக்குவதால் மீன் வேகமாக மூச்சு வாங்கும், வெளிச்சத்துக்கு அஞ்சும், நீர் பாயும் இடத்தில் முகத்தை வைத்து நிற்கும். முதல் படியில் நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். வெல்வெட் இரண்டு மூன்று நாட்களில் கொன்றுவிடும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கோமாளி மீனின் உடலிலிருந்து கஞ்சி ஆடை உரிவதுபோலச் சளி உரிந்தால் அது புரூக்லினெல்லா. செம்பு மருந்து இதற்கு வேலை செய்யாது. ஃபார்மலின் குளியல்தான் நம்பகமான சிகிச்சை. ஆனால் ஃபார்மலின் மனிதருக்கும் தீங்கானது, புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. முதல்முறை செய்பவர்கள் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

கண் மங்கி, உடலை உரசிக்கொண்டே இருந்தால் தட்டைப்புழுவாக இருக்கலாம். அவை ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை. மீனின் மேல் இருக்கும்போது தெரியாது. நன்னீரில் ஐந்து நிமிடம் முக்கினால் வெளுத்து, எள் விதைபோல வாளியின் அடியில் விழும். நோயை உறுதி செய்யும் சோதனையும் இதுதான். வாளி சோப்பு படாததாக இருக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, சமையல் சோடா சிறிது சேர்த்து பி.எச்.சைச் சமப்படுத்தி, அரை மணி நேரம் காற்று ஓட விட்ட பிறகே மீனை விடுங்கள். தட்டைப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் மருந்து உண்டு. முட்டைகளை அது கொல்லாது என்பதால் ஐந்து முதல் ஏழு நாட்கள் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும்.

துடுப்பில் காலிஃபிளவர்போலக் கட்டி இருந்தால் லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ். மருந்து கிடையாது. நல்ல தண்ணீரும் நல்ல உணவும் கொடுத்தால் பெரும்பாலும் தானே மறையும்.

படி 4: வெள்ளைப் புள்ளியின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் மூன்று முதல் ஏழு நாட்கள் வரை உண்டு வளர்கிறது. அதுதான் நாம் பார்க்கும் புள்ளி. பிறகு தானே உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ கூடு கட்டி ஒட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் பல மடங்காகப் பிரிகிறது. மூன்று நாளிலும் கூடு உடையலாம், எழுபது நாளுக்கு மேலும் ஆகலாம். வெளிவரும் புது ஒட்டுண்ணிகள் ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் இறந்துவிடும்.

புள்ளி மறைந்தது என்றால் ஒட்டுண்ணி மணலுக்கு இடம் மாறியிருக்கிறது என்று பொருள். என் டாங்கின் ஏழாம் நாள் அதுதான். தோலுக்கு அடியில் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. நீந்தும் அந்தச் சிறிய இடைவெளியில்தான் கொல்ல முடியும். மீனின் உடலைச் சுத்தம் செய்யும் இறாலும் பூண்டுச் சாறும் நோயைத் தீர்க்காததற்கு இதுவே காரணம். பூண்டு வாசனை சில மீன்களைச் சாப்பிடத் தூண்டலாம், அவ்வளவுதான்.

படி 5: சிகிச்சைத் தொட்டி

பெரிய தொட்டியில் செம்பு மருந்தை ஊற்றவே ஊற்றாதீர்கள். பவளம், இறால், நத்தை எல்லாம் சாகும். லைவ் ராக்கும் (நல்ல பாக்டீரியா குடியேறிய கடல் பாறை) பவள மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்ளும்.

வெறும் கண்ணாடித் தொட்டி ஒன்று, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், மீன் ஒளிய இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள் போதும். மணல் வேண்டாம், மருந்தை உறிஞ்சிவிடும் ஃபில்டர் கார்பன் வேண்டாம். ஸ்பாஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியின் ஃபில்டரில் சில வாரம் போட்டு வைத்திருந்தால் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். சிகிச்சைத் தொட்டியைப் பெரிய தொட்டியிலிருந்து பத்து அடியாவது தள்ளி வையுங்கள். வலையும் குழாயும் தனித்தனி. ஈரக் கையோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாதீர்கள்.

படி 6: சிகிச்சை

வெள்ளைப் புள்ளிக்கு இரண்டு வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, செம்பு. முதலில் தண்ணீரின் அளவைச் சரியாகக் கணக்கிடுங்கள். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், தண்ணீரின் உயரம் 30 செ.மீ. என்றால் மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுக்க 54 லிட்டர். புட்டியில் கேலன் கணக்கு இருந்தால் அமெரிக்க கேலன் ஒன்று 3.785 லிட்டர். கீலேட் செய்த செம்பு (வேறொரு பொருளோடு பிணைத்து வீரியத்தைக் குறைத்த வகை) என்றால் லிட்டருக்கு 2.0 முதல் 2.5 மில்லிகிராம், அயனிச் செம்பு (அப்படிப் பிணைக்காத வகை) என்றால் 0.15 முதல் 0.20 மில்லிகிராம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தீர்களா? கீலேட் செம்பின் அளவை அயனிச் செம்புக்குக் கொடுத்தால் மீன் இறந்துவிடும், மாற்றிக் கொடுத்தால் நோய் தீராது. லேபிளைப் படித்து, அந்த வகைக்கு ஏற்ற டெஸ்ட் கிட்டை வாங்கிய பிறகே தொடங்குங்கள்.

இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாக அளவை ஏற்றுங்கள். வெல்வெட் என்றால் அவ்வளவு நேரம் கிடையாது, ஒரே நாளில் ஏற்ற வேண்டியிருக்கும். பிறகு 30 நாட்கள் அந்த அளவு இறங்கக் கூடாது. ஒரு நாள் இறங்கினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு செம்பைக் கலந்தே ஊற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டுப்படுத்தும் ரசாயனப் புட்டிகளைச் செம்போடு சேர்க்காதீர்கள். சில வகைகள் செம்பைக் கடும் நஞ்சாக்கிவிடும். சுறா, திருக்கை போன்றவற்றுக்குச் செம்பு கூடாது.

இரண்டு, மருந்தே இல்லாத தொட்டி மாற்று முறை. தொடக்கநிலையினருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். உணவுத் தரப் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு போதும். முதல் நாள் மீனை முதல் தொட்டியில் விடுங்கள். 72 மணி நேரம் முடிவதற்குள், முடிந்தவரை பழைய தண்ணீர் சேராமல், புது உப்புநீர் நிரப்பிய இரண்டாம் தொட்டிக்கு மாற்றுங்கள். உதிர்ந்த ஒட்டுண்ணிகள் கூட்டோடு பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். அதையும் அதன் குழாய், காற்றுக்கல் எல்லாவற்றையும் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். 4, 7, 10, 13ஆம் நாட்களில் என நான்கு மாற்றம். ஒரு மாற்றம் தாமதமானாலும் கூடு உடைந்து, உழைப்பெல்லாம் வீணாகும். புதுத் தண்ணீர் கலக்கும் செலவு உண்டு. ஆனால் மூன்று நாளுக்கு ஒருமுறை முழுத் தண்ணீரும் மாறுவதால் அம்மோனியாத் தொல்லை பெரும்பாலும் வராது. இது வெல்வெட்டுக்குப் பயன்படாது.

படி 7: பெரிய தொட்டியில் மீனே இருக்கக் கூடாது

சிகிச்சை நடக்கும்போது பெரிய தொட்டி 76 நாட்கள் மீனின்றி இருக்க வேண்டும், தண்ணீர் 27 டிகிரி அளவில். பவளமும் இறாலும் நத்தையும் அங்கேயே இருக்கலாம். கிரிப்டோகாரியான் அவற்றைத் தாக்காது. நலமாகத் தெரிகிறது என்று ஒரே ஒரு மீனை விட்டுவைத்தாலும் கணக்கு தொடங்கவே இல்லை என்றுதான் பொருள். பாக்டீரியா பட்டினி கிடக்காமலிருக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை உணவு போடுங்கள்.

சிகிச்சை முடிந்த மீன்கள் மீதி நாட்களைச் செம்பு இல்லாத தனித் தொட்டியில் கழிக்கட்டும். இனி வாங்கும் ஒவ்வொரு மீனும் முதல் 30 நாள் அதே போன்ற தனித் தொட்டியில் இருந்த பிறகே பெரிய தொட்டிக்கு வர வேண்டும். பவளத் துண்டு, நத்தை ஓடு ஆகியவற்றின் மேலும் கூடு ஒட்டியிருக்கலாம். அவற்றை மீனில்லாத தொட்டியில் அதே 76 நாட்கள் வைத்திருந்து, பிறகு சேருங்கள்.