உமரியிலிருந்து சலவைச் சோடா: திருகோணமலை வெயிலுக்கு ஏற்ற முறை

1791இல் லெப்லாங் என்ற பிரெஞ்சுக்காரர் சாப்பாட்டு உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை ஐரோப்பாவில் கண்ணாடி உருக்கவும் சவர்க்காரம் காய்ச்சவும் கடற்கரைச் செடிகளின் சாம்பலைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். ஸ்பெயினின் அலிகாந்தே பக்கத்துச் சாம்பலுக்குக் கிராக்கி அதிகம். அந்தச் செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்த உமரி நமக்கு நிலாவெளிப் பக்கமும் கிண்ணியாக் களப்போரமும் கிடைக்கிறது.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இறங்குங்கள். மாரியில் செடி காயவே காயாது. மேல்பாதியை மட்டும் அரிவாளால் அறுத்தால் சேறு வராது. பக்கத்தில் நிற்கும் கண்டலில் கை வைக்க வேண்டாம், அது சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அறுத்ததை நல்ல தண்ணீரில் ஒருதரம் அலசி, ஒடித்தால் 'டக்' என்று முறியும்வரை காயவிடுங்கள்.

எரிக்க இரும்புத் தாச்சி போதும். பொச்சுமட்டை வைத்து மூட்ட வேண்டாம். அதன் சாம்பலில் பொட்டாசியம் அதிகம், அது உங்கள் சோடாவோடு கலந்துவிடும். காய்ந்த உமரியையே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் வரும்வரை கிளறுங்கள். கட்டிகளை இடித்துப் பொடியாக்கி, சூடான மழைத்தண்ணீரில் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடியுங்கள். கிணற்றுத் தண்ணீர் சரிவராது: அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சோடா சேர்ந்து வெள்ளையாகக் கலங்கும்.

வடித்த நீரை எவர்சில்வர் சட்டியில் வற்றவிடுங்கள். அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

பலரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முழுவதும் வற்றவைத்தால் சட்டியில் மிஞ்சும் வெள்ளைப் பொடியில் சாதாரண உப்பும் ஏராளமாக இருக்கும். இரண்டையும் பிரிக்கச் சூட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் உப்பு 0 பாகையிலும் ஏறத்தாழ 36 கிராம் கரையும், கொதிநிலையிலும் 39 கிராம்தான். சோடா அப்படியல்ல: 30 பாகையில் 40 கிராம் அளவு கரைவது, 0 பாகையில் 7 கிராமாக இறங்கிவிடும். ஆகவே கொதிக்கும்போது அடியில் படியும் சின்னச் சதுரப் பருக்கைகளைக் கரண்டியால் அள்ளி எறியுங்கள், அது உப்பு. மிஞ்சிய நீரை ஆறவைத்து மூடி, 'விஷம்' என்று எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். குளிர்நாட்டுக் குறிப்புகள் 'அறையில் வையுங்கள்' என்று சொல்லும். நம்மூரில் பகலில் அறையே 32 பாகையைத் தொடும். சலவைச் சோடாவின் பெரிய பளிங்குகள் அந்தச் சூட்டுக்கு மேல் நிற்காது. குளிரில்தான் கண்ணாடித் துண்டுபோல நீளமாக விளையும்.

நீரை வடித்துவிட்டுப் பளிங்குகளைத் தாச்சியில் வறுத்தால் முதலில் தன் நீரிலேயே உருகும், பிறகு பொடியாகும். எடையில் 63 வீதம் தண்ணீர் என்பதால் அளவு சுருங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சோதிக்க பிஎச் தாளுக்குக் காசு செலவழிப்பது வீண் என்பது என் கட்சி. மஞ்சள் தண்ணீர் செங்கபிலமாக மாற வேண்டும், தேசிக்காய்ப்புளி விட்டால் நுரைக்க வேண்டும். இரண்டும் நடந்தால் சோடா இருக்கிறது. சோடியம் சல்பேற்றும் கொஞ்சம் கூடவே வந்திருக்கும், துணி துவைக்க அது தடையில்லை.

பின்சேர்க்கை: அப்பத்துக்குப் போடலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூடவே கூடாது, அப்பச்சோடா வேறு பொருள். சவர்க்காரம் காய்ச்சலாமா என்று கேட்டவருக்கு: இந்தச் சோடாவை நீற்றிய சுண்ணாம்போடு சேர்த்து எரிசோடா ஆக்கினால்தான் எண்ணெய் சரியாகக் கட்டும். எரிசோடா தோலையும் கண்ணையும் பொசுக்கும் என்பதால், முதன்முறை செய்பவர்கள் துணி துவைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.