ஊருணியில் எத்தனை லிட்டர் தண்ணீர்? முப்படிச் சார்பு போட்டுப் பார்ப்போம்

காரைக்குடிப் பக்கம் மழை விட்டதும் வரும் முதல் கேள்வி, "ஊருணியில எத்தனை படி முங்கிருச்சு?" அந்தப் படிக்கணக்கை லிட்டராக மாற்றுவோம். பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும்.

ஏன் முப்படி, அதாவது x³ வரும் சூத்திரம்? கரை சரிவு என்பதால் நீர் ஏற ஏற நீளம், அகலம் இரண்டும் கூடும். ஆகவே நீர்ப்பரப்பு இருபடி (x² வரும்). அந்தப் பரப்பை அடுக்கிக்கொண்டே போனால் கனஅளவு முப்படி. இந்தக் காரணம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

1. கோடையில் வற்றியிருக்கும்போது அளவெடுங்கள். டேப் நடுவில் தொய்ந்தால் நீளம் கூடுதலாகக் காட்டும். இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க வேண்டும். மாதிரிக்கு ஒரு சதுர ஊருணி: தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் பக்கம் 21 மீட்டர், ஒன்றரையில் 23, இரண்டரையில் 25.

2. ஒவ்வொரு மீட்டரையும் ஓர் அடுக்காக நினையுங்கள். அடுக்கின் நடு உயரத்தில் அளந்த பக்கத்தை வர்க்கப்படுத்தி, அடுக்கின் உயரமான 1 மீட்டரால் பெருக்கினால் 441, 529, 625 கனமீட்டர். கூட்டிக்கொண்டே வந்தால் ஆழம் 0, 1, 2, 3 மீட்டருக்கு 0, 441, 970, 1595.

3. எக்செல்லில் இந்த நான்கையும் ஸ்கேட்டர் வரைபடமாகப் போட்டு, டிரெண்ட்லைனில் (புள்ளிகளுக்குப் பொருந்தும் கோடு) பாலினாமியல், ஆர்டர் 3 என்று கொடுங்கள். கிடைப்பது:

கனஅளவு = 1.333x³ + 40x² + 399.67x

x என்பது மீட்டரில் ஆழம், அதாவது முங்கிய படிகளின் மொத்த உயரம்.

4. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நான்கு புள்ளி கொடுத்தால் முப்படி வளைவு நான்கிலும் அச்சாக உட்காரும். வளைவு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் ஆர் ஸ்கொயர் 1 என்று காட்டும். அது சான்று ஆகாது. கணக்கில் சேர்க்காத ஓர் ஆழத்தை எடுத்துச் சோதியுங்கள். ஒன்றரை மீட்டருக்குச் சூத்திரம் 694 தருகிறது. அரை மீட்டர் அடுக்குகளாகத் தனியே கூட்டினாலும் 694.4 வருகிறது. இப்போது நம்பலாம்.

இரண்டரை மீட்டரில் சூத்திரப்படி 1270 கனமீட்டர், அதாவது 12,70,000 லிட்டர். 2 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் இடையே நேர்கோடு போட்டிருந்தால் 1282.5 வந்திருக்கும். 12,500 லிட்டர் வித்தியாசம். பெரிய தண்ணீர் லாரி ஒன்று கொள்ளும் அளவு!

அளந்த 3 மீட்டருக்கு மேல் இந்தச் சூத்திரத்தை நீட்டாதீர்கள். அங்கே கரையின் சரிவு மாறியிருக்கலாம். தூர்வாரினால் அடித்தளமே மாறிவிடும். டேப்பை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.